வாசிப்பு வேளையில் சேரும் புதிய நூல்கள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். இத்தவணை முதல் நமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் வாசிப்பு வேளையில், நிறம், இனம், அடையாளம் ஆகியவற்றையும் இனவெறியை எதிர்த்து நின்றவர்களின் வரலாற்றையும் பேசும் சிறுவர் நூல்கள் சிலவற்றைச் சேர்க்கவுள்ளோம். நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. அவற்றைப் பற்றிய உரையாடல் தமிழில் நடைபெறும். தமிழ் படிக்க வரும் பிள்ளைக்கு இது எதற்கு என்றும், இவ்வளவு சிறிய வயதில் இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா என்றும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள்.

முதற் கேள்விக்கான பதில் எளிது. வாரநாட் பள்ளியின் விளையாட்டிடத்தில் தன் நிறத்தையோ பெயரையோ உணவையோ குறித்துக் கேலிக்கு ஆளாகும் பிள்ளை, அதை வீட்டில் அம்மம்மாவிடமோ தந்தையிடமோ சொல்வதற்குத் தமிழில் சொற்களின்றிப் பேசாமல் இருந்துவிடுகிறது. அந்தச் சொற்களைக் கொடுப்பது தமிழ்ப் பாடசாலையின் வேலைதான்.

வயது பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். நாம் சொல்லிக்கொடுக்கும்வரை பிள்ளைகள் நிறத்தைக் கவனிக்காமல் இருப்பதில்லை. வேர்னா வில்கின்ஸ் என்ற கறுப்பினத் தாய், தம் சிறு மகன் பள்ளியில் தன்னை இளஞ்சிவப்பு நிறத்தில் வரைந்ததைக் கண்ட பிறகே, கறுப்பினப் பிள்ளைகள் இயல்பாக இடம்பெறும் நூல்களை வெளியிடுவதற்காக 1987இல் இங்கே பிரித்தானியாவில் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், 2017இல் பிரித்தானியாவில் வெளியான சிறுவர் நூல்களுள் சிறுபான்மை இனத்தவர் ஒருவரேனும் வரும் நூல்கள் நூற்றுக்கு நான்கு மட்டுமே என்று ஓர் ஆய்வு கண்டது; அத்தகையோரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்டவை நூற்றுக்கு ஒன்றே. அதன்பின் நிலைமை ஓரளவு திருந்தியிருக்கிறது. எனினும் நம் பிள்ளைகளின் வீட்டு அலுமாரிகளில் இன்னும் பழைய நூல்களே மிகுதியாக இருக்கின்றன.

நாங்கள் முதலில் வாசிக்க எடுத்துக்கொள்வது ரூபி பிரிட்ஜஸின் வரலாறு. 1960 நவம்பர் 14ஆம் நாள், ஆறு வயதுச் சிறுமியான ரூபி, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்த ஆரம்பப் பள்ளியொன்றுக்குள், கூட்டாட்சிக் காவல் அலுவலர்களின் பாதுகாப்புடன், இருபுறமும் கூடி நின்றோரின் வசைகளுக்கிடையே நடந்து சென்றாள். இவ்வரலாற்றைச் சொல்லும் பலர் சிறுமியின் துணிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்றப் பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோர் வகுப்பிலிருந்து விலக்கிக்கொண்டபோது, பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் ரூபி ஒருத்திக்காகவே வகுப்பு நடத்தினார். ரூபியின் தந்தை வேலையை இழந்தார். ஆறு வயதுப் பிள்ளையால் அந்தப் படிகளில் ஏற முடிந்ததற்குப் பின்னால் பெரியவர்கள் பலர் விலை கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, ‘ரூபியின் பக்கத்தில் நின்றவர் யார்?’ என்ற கேள்வியையே வகுப்பில் முதலாவதாகக் கேட்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். துணிந்து நில் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது முறையல்ல.

இரண்டாவதாக, இந்நாட்டிலேயே நடந்த பிரிஸ்டல் பேருந்துப் புறக்கணிப்பை வாசிக்கவுள்ளோம். கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்துப் பணியாளராக ஏற்க மறுத்த அந்நகரின் நிறுவனத்துக்கு எதிராக, கரிபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியோர் 1963இல் போராடி வென்றார்கள். வெற்றிக்குப் பின் அங்கே முதன்முதலாக நடத்துநரான வெள்ளையரல்லாதவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் என்பதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டுகிறேன். பிற்காலத்தில் இங்கு வந்த நாம் கடந்து வந்த வாசல்கள் பலவும் அவர்களைப் போன்றோரால் திறக்கப்பட்டவை. அப்படியிருக்க, கறுப்பினத்தவரைக் குறிக்க நம் வீடுகளில் வெகு சாதாரணமாகப் புழங்கும் இழிசொற்களும், பிறந்த குழந்தையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லப்படும் ‘கொஞ்சம் கறுப்புத்தான்’ என்ற பேச்சும் பிள்ளைகளின் காதில் விழாமலில்லை. அவற்றை அவர்கள் வகுப்பிலும் சொல்கிறார்கள். இதைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டாம்; ஆனால் இந்நூல்களை வாசித்த பிள்ளை வீட்டுக்கு வந்து உங்களைத் திருத்த முற்பட்டால், தயவுசெய்து அதட்டிவிடாதீர்கள்.

நூல்களை ஒரு வாரத்துக்கு இரவல் பெறலாம். இயலுமானால் பிள்ளையுடன் சேர்ந்து வாசியுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் பிள்ளையே தமிழில் கதையைச் சொல்லட்டும். வாரநாட் பள்ளியில் பிள்ளைக்கு இனவெறி சார்ந்த துன்பம் நேர்ந்திருப்பதாகத் தெரியவந்தால், நடந்ததை நாளும் இடமும் குறித்து எழுதி அப்பள்ளியிடம் கொடுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. கடிதம் எழுத உதவி தேவைப்படுவோர் சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் என்னை அலுவலக அறையில் சந்திக்கலாம். ஏதேனும் ஒரு நூல் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது எனக் கருதினால், முதலில் அதை முழுவதும் வாசித்துவிட்டு என்னுடன் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்