பனையோலைக் கைவினைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையில் நான் விரிவாகப் பதிவு செய்ய விரும்புவது, இவ்வாண்டு பயிற்சி நடத்திய நம் மூத்த உறுப்பினரான அக்காவின் வேலைமுறையை.

முதல் நாள் பிள்ளைகள் வரைபடம் கேட்டபோது அவர் காய்ந்த குருத்தோலை ஒன்றை விரலிடுக்கில் மடித்து அதன் ஓசையைக் கேட்கச் சொன்னார். சடசடத்தால் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், மடிப்பில் வெடிக்காமல் வளைந்தால் முடையலாம். பெட்டியின் உருவத்தை முன்கூட்டி வரைந்து ஓலையை அதற்குள் அடக்குவதில் அவருக்கு உடன்பாடில்லை. கிழித்த ஓலையின் அகலம் பார்த்து அடியை முடைந்து, மூலை மடக்கிப் பக்கம் ஏற்றும்போதுதான் வாய் எவ்வளவு விரியும் என்று முடிவு செய்கிறார். அளவுகோல் சாணும் விரற்கடையும்தான்.

ஓலை முடையத் தாயிடமும் மீன்வலை முடிச்சிடத் தகப்பனிடமும் கற்றவர் அவர். நைலான் வருவதற்கு முன், பருத்தி நூல் வலையை உப்புநீர் அரிக்காமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்திய காலத்தைச் சேர்ந்தவர் தகப்பனார். அதனால்தான் அக்கா தம் சுவர்த்தொங்கல்களில் ஓலையை முடைந்து நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பனைமட்டை நாரால் வலைக்கண் போல முடிச்சிட்டு இறக்குகிறார். விளிம்பை நாரால் பொத்துவதிலும் வலை பொத்திய கையின் இறுக்கம் தெரிகிறது. நகரக் கண்காட்சி ஒன்றில் இதைப் 'பின்னல்' என்று எழுதி வைத்திருந்தார்கள். பின்னுவது கூந்தலை, ஓலையை முடைகிறோம் என்று நான் சொன்னதும் திருத்தினார்கள்.

ஓலை எடுப்பதிலும் அவர் கண்டிப்பானவர். பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு குருத்துதான் விடும் என்பதால், ஒரே வடலியில், அதாவது இளம்பனையில், அடுத்தடுத்துக் குருத்து வெட்டக் கூடாது என்கிறார். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது நமக்கு ஆதரவே. ஆயினும் நிற்கும் மரத்தின் குருத்தைக் காப்பது நம் கையில்தான் உள்ளது. எனவே அக்கா சொன்னதையே சங்கத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

ஐப்பசி மழையில் ஓலையில் பூசணம் பிடித்துவிடுவதால், உலர்த்தும் கொட்டகைக்கு அதற்குள் கூரை போட்டாக வேண்டும். கூரைக்கான செலவுக்கும் இக்கூட்டம் ஒப்புதல் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்