குட்டி கேட்டு வருகிறவர்களுக்கும், குட்டியைச் சாக்கில் கட்டி விடுகிறவர்களுக்கும்

நெல்லைச் சீமை அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில், பாளை மார்க்கெட் பக்கம் மீன் கழிவு கிடக்கிற இடத்தில் ஒரு உரச்சாக்கு அசைந்தது. அவிழ்த்துப் பார்த்தால் ஐந்து பூனைக்குட்டிகள். கண் திறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். இரண்டு விறைத்துப் போயிருந்தன. மற்ற மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நார்ப்பெட்டியில் துணி விரித்து, சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். அந்த வயதில் குட்டியின் உடம்பு தானாகச் சூட்டைக் காத்துக்கொள்ளாது. மூத்திரம்கூடத் தானாக வராது, தாய் நக்கிவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதை நான் செய்தேன். ஆனால் தெரியாமல் பசும்பாலைக் கொடுத்துவிட்டேன். விடிவதற்குள் வயிறு கழிய ஆரம்பித்தது. பிழைத்தது ஒன்றே ஒன்று, ஒரு சாம்பல் பெட்டை.

பூனை தன் குட்டியை ஏழு வீடு மாற்றும் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அத்தனை பத்திரமாக வாயில் கவ்வித் தூக்கிப் போகிற தாய், அந்த ஐந்தையும் எந்தெந்த வீட்டில் தேடியதோ.

சாக்கில் கட்டினவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் இடமில்லை, வாடகை வீடு, என்ன செய்வது என்று தெரியவில்லை. சரி. ஆனால் இதைக் கேளுங்கள். குட்டிகளைப் பிரித்துவிட்டால் பால் கொடுப்பது நின்று, தாய் இன்னும் சீக்கிரமாகக் கடுவனைத் தேடிக் கத்த ஆரம்பிக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று வரை போகும். பெட்டைக் குட்டி நாலாவது மாதத்திலேயே சினைப்பட்டுவிடலாம். சாக்கு கட்டுகிற வேலை அப்புறம் உங்களுக்கு ஓயவே ஓயாது. குட்டிகள் பால்குடி மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. என்றைக்குக் கொண்டுவரலாம், முந்தின ராத்திரி சாப்பாட்டை எப்போது நிறுத்தவேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். என் சாம்பல் பெட்டைக்கு ஆறாவது மாதத்தில் செய்தேன். மறுநாளே பரணில் ஏறப் பார்த்தது, பிடித்து வைக்கத்தான் பாடுபட்டேன்.

இனி, ஆசையாகக் குட்டி கேட்டு வருகிறவர்களுக்கு. எட்டு வாரம் ஆகாமல் கேட்காதீர்கள். “சின்னதாக இருந்தால்தான் ஒட்டும்” என்பார்கள். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனுஷர் கை பட்டுப் பழகிய குட்டி, எட்டாவது வாரத்தில் வந்தாலும் உங்களிடம் ஒட்டும். கூடப் பிறந்ததோடு கட்டிப் புரண்டுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. வந்த புதிதில் ஒரே அறையில் விடுங்கள், வெளிக்குப் போக மணல் தட்டை ஒரு மூலையிலும் சாப்பாட்டை எதிர் மூலையிலும் வையுங்கள். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி.

தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து மீனிலும் கறியிலும்தான் கிடைக்கும், அது குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். சாளை மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம்.

நம் வீடுகளில் எனக்கு அதிகப் பயம் பூத்தொடுக்கிற நூலும் வாழைநாரும்தான். பூனை நாக்கில் இருக்கிற முட்கள் உள்பக்கமாகச் சாய்ந்தவை. வாயில் மாட்டின நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். உள்ளே குடல் சுருக்குப்பை மாதிரி சுருங்கிவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக விடுகிற சொட்டு மருந்தையும் பூனைமேல் விடாதீர்கள். கடுவன் மூத்திரம் போக முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றும் வரவில்லை என்றால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே காட்ட வேண்டும். மூடாத கிணறு இருந்தால் வலை போடுங்கள்.

இப்போது எங்கள் தட்டட்டியில் தெருப்பூனை ஒன்று நாலு குட்டி போட்டிருக்கிறது. இரண்டு கறுப்பு. வந்தவர்கள் எல்லாரும் மற்ற இரண்டைத்தான் கேட்கிறார்கள். குறுக்கே போனால் சகுனம் சரியில்லையாம். அந்த இரண்டும்தான் யார் படியேறி வந்தாலும் முதலில் ஓடி வந்து காலைச் சுற்றுகின்றன. எட்டு வாரம் முடிய இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. வருகிறவர்கள் மூடி போட்ட கூடையும் ஒரு பழைய துண்டும் கொண்டு வாருங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தாரா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், ஆறாவது மாதம் ஆபரேஷனுக்குக் கொண்டுபோவீர்களா என்று கேட்பேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். தாயை அடுத்த மாதம் நானே ராமையன்பட்டிக்குக் கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் அக்கம்பக்கத்து ஆள்