முறை சரி, மூத்தவனின் ரத்தத்தையும் பார்

அன்புள்ள சுப்புவுக்கு,

கடிதம் வந்தது. ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்த சேதி படித்து மகிழ்ச்சி. அதைவிடப் பெரிய சேதி, மகனுக்கு உன் தங்கச்சி மகளையே பேசி வைத்திருப்பது. பிள்ளைகள் இரண்டுக்கும் விருப்பம், ஜாதகம் பொருந்துகிறது, ரத்த குரூப்பும் வேற வேற, பிறகு என்ன யோசனை என்று மதினி கேட்பதாக எழுதியிருக்கிறாய்.

குரூப் சங்கதியை முதலில் முடித்துவிடுகிறேன். குரூப் வேறாக இருப்பதற்கும் சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெண் நெகட்டிவ், பையன் பாசிட்டிவ் என்றால் மட்டும் கவனிக்க வேண்டும். அதற்கும் கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்தில், பிள்ளையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி ஒன்று, பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று, அவ்வளவுதான்.

யோசிக்க வேண்டிய இடம் வேறு. நம்மில் ஒவ்வொருவரும் கெட்டுப்போன மரபணு சிலவற்றை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கிறோம். ஜோடியில் மற்றது நன்றாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் அதே கெட்ட பிரதி வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய்; இருவரும் சுமப்பவர்கள் என்றால் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. ஐம்பது பேரில் ஒருவர் சுமக்கும் ஒரு கோளாறை எடுத்துக்கொள். அந்நியத்தில் கட்டினால் 1/50 × 1/50 × 1/4, பத்தாயிரத்தில் ஒரு பிள்ளை. அத்தை மகளைக் கட்டினால், பையன் சுமக்கும் அதே பிரதி அவளிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. 1/50 × 1/8 × 1/4, அதாவது 1,600-ல் ஒன்று. வெளிவழியாக வரக்கூடியதையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,400-ல் ஒன்று. அக்கா மகள் என்றால் அந்த எட்டு நாலாகிவிடும். நோய் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவுக்குச் சொந்தக் கல்யாணம் அதைப் பெருக்கும். எல்லாக் கோளாறுகளையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கல்யாணத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் குறையோடு பிறப்பதுண்டு; மாமன் மகள், அத்தை மகள் என்றால் இன்னும் இரண்டு மூன்று கூடும். ஆகவே ‘சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனம்’ என்று பயமுறுத்துவதும் சரியல்ல, ‘ஒன்றும் ஆகாது’ என்பதும் சரியல்ல.

நம் முறைக்கு இந்தக் கணக்கு தெரியாது, பார். சித்தி மகள் தங்கச்சி, கட்டக் கூடாது. அத்தை மகள் உரிமைப் பெண். ரத்தத்தில் இருவரும் ஒரே எட்டில் ஒரு பங்குதான். சில இடத்தில் முறை தன்னையறியாமல் காப்பாற்றியும் இருக்கிறது. நம் பக்கத்துக் கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது, ஒரே கிளைக்குள் கட்டுவதில்லை. அக்கா மகள் தாய்மாமன் கிளையிலேயே வந்துவிடுவதால் அந்தக் கல்யாணம் தானாகவே விலகிவிடுகிறது. அத்தை மகளும் மாமன் மகளும் வேறு கிளை, தடையில்லை.

சொந்தம் வேண்டாம் என்று சாதிக்குள்ளேயே தள்ளிப் போய்க் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017-ல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 குழுக்கள், சில மூதாதையரிலிருந்தே பெருகியதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறைந்த மூதாதையரிலிருந்து பெருகியவற்றைப் போன்ற தடத்தைக் காட்டின. நூற்றாண்டுகளாக உள்ளுக்குள்ளேயே கட்டியதன் விளைவு. பத்துத் தலைமுறை தள்ளி இருந்தாலும் அதே பாட்டனின் கெட்ட பிரதி இரண்டு வீட்டிலும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 28 கல்யாணம் உறவுக்குள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. நன்செய் கைமாறாது, சீர் பேச்சில் கசப்பு குறைவு, மாமியார் அத்தையாக இருப்பதால் பெண்ணுக்கு மனத்தெம்பு. பிரசவித்த பெண்ணுக்கு இதெல்லாம் உடல்நலமும்தான். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

உன் வீட்டுக் கணக்கு மட்டும் பொதுக் கணக்கு இல்லை, சுப்பு. தங்கச்சியின் மூத்தவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தங்கச்சியும் சொந்த அத்தானையே கட்டியவள். மற்றக் குறை எதுவும் இல்லாமல் காது மட்டும் என்பதால் மரபணுக் காரணம் என்ற சந்தேகம் வலுக்கிறது. அப்படியானால் அவன் தாய் தகப்பன் இருவருமே சுமப்பவர்கள். காது கேட்கும் தங்கை, அதாவது உன் மருமகள், சுமக்க மூன்றில் இரண்டு. உனக்குப் பாதி, உன் மகனுக்குக் கால். 2/3 × 1/4 × 1/4. இருபத்துநாலில் ஒன்று. மதினி அந்நியத்திலிருந்து வந்தவர் என்பதால் இந்த அளவு. அவரும் உறவாக இருந்தால் இன்னும் ஏறும்.

இதில் பலரும் செய்யும் பிழை, கல்யாணம் பேசும் இருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ‘எல்லா டெஸ்டும் எடுங்க’ என்பது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினால் பொருள் புரியாத மாற்றங்கள் நாலு கிடைக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதலில் எடுக்க வேண்டியது மூத்தவனின் ரத்தம். அதற்கு முன், மரபணு அல்லாத காரணமாக, அம்மைத்தடுப்பு இல்லாத கர்ப்பத்தில் ரூபெல்லா அம்மை, பிறந்ததும் கடும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், குறைமாதம் ஏதேனும் இருந்ததா என்று தங்கச்சியிடம் கேட்டுக் குறித்துக்கொள். அடுத்து ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி போதும். ஜிஜேபி2 என்ற மரபணுவை முதலில் பார்க்கச் சொல். காதின் நத்தைக்கூட்டில் பொட்டாசியம் திரும்பி ஓடும் வாசலைக் கட்டும் மரபணு அது. நம் நாட்டில் அதிகம் காணும் மாற்றத்தில், 226 அமினோ அமிலக் கண்ணி கோர்க்க வேண்டிய புரதம் 24-ஆவது இடத்திலேயே அறுந்துபோகிறது. அதில் இல்லையென்றால் காது சம்பந்தமான மற்ற மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை. மாற்றம் கிடைத்துவிட்டால் பிறகு உன் மகனுக்கும் மருமகளுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இருவரில் ஒருவரிடம் இல்லையென்றால் இந்தப் பயம் விலகிவிடும். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று. அப்போதும் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், தெரிந்து கட்டட்டும். பிள்ளை பிறந்து ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் கேட்கும் நரம்பைப் பார்க்கும் பெரா சோதனை, ஆறு மாதத்துக்குள் காதுக் கருவி என்று தயாராக இருக்கலாம்.

எதுவும் கிடைக்காவிட்டால் அந்தப் பயம் போய்விட்டது என்று ஆகாது என்பதையும் மதினியிடம் சொல்லிவிடு.

தங்கச்சியிடம் பேசும்போது கவனம். ‘உன் வயிற்றுக்கு வந்த குறை’ என்ற பேச்சை அவள் இருபது வருஷமாகக் கேட்டிருப்பாள். அவளுக்கும் அத்தானுக்கும் சரிபாதி என்று முதல் வாக்கியத்திலேயே சொல். மூத்தவனைத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போய் ஊசி குத்தாதே. பாளையங்கோட்டைக் காது கேளாதோர் பள்ளியில் படித்த பையன், வயது வந்தவன். சைகை தெரிந்தவரை வைத்துக்கொண்டு எல்லாம் விளக்கி, அவன் சம்மதித்தால்தான் ரத்தம். அவனுக்கும் இது பயன்படும். கூடப் படித்த பெண்ணை அவன் விரும்புவதாக எழுதியிருந்தாயே. இருவருக்கும் ஒரே மரபணு என்றால் பிள்ளைகள் எல்லாரும் காது கேளாதவர்களாகவே பிறப்பார்கள், வேறு வேறு என்றால் அநேகமாக எல்லாருக்கும் கேட்கும். இரண்டில் எது வந்தாலும் அந்த வீட்டில் பேச ஒரு மொழி ஏற்கெனவே இருக்கிறது. அவனிடமே கேள், தெரிந்துகொள்ள விருப்பமா என்று.

அன்புடன்,
உன் நண்பன்