கதைக்கு அடியில் 'நீதி'க் கட்டம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் ஒவ்வொரு முறையும் ஒரு நாட்டுப்புறக் கதையையும், அதற்கு அடியில் கட்டம் கட்டி 'நீதி' என்று ஒரு வரியையும் வெளியிடுகிறீர்கள். கதைக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவதற்கு நன்றி. அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். கதையை வகுப்புக்கு எடுத்துச் செல்லும் ஆசிரியர்களும், வீட்டில் படித்துக் காட்டும் பெற்றோரும் அந்த ஒரு வரியோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். பிள்ளை யோசிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கதை முடிந்த கையோடு "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். கதையைக் காதில் வாங்காத பிள்ளையும் சேர்ந்து சொல்லும். டீச்சர் எந்தப் பதிலுக்குத் தலையாட்டுவார் என்பது இரண்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. அமெரிக்காவில் டார்சியா நார்வேஸ் குழுவினர் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு மாணவர்களையும் பெரியவர்களையும் ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் ஒரு கதையில் காணும் கருத்தைச் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் காண்பதில்லை. வயது ஏற ஏறத்தான் அது பிடிபடுகிறது என்று அதில் தெரிந்தது. ஆக, கட்டத்து வரி பிள்ளைக்கு மனப்பாடம் ஆகிறது, கதையோடு ஒட்டுவதில்லை.

எந்தக் குணத்துக்கு எந்தக் கதை என்பதையும் நாம் யோசிக்காமல் பழக்கத்துக்கே விட்டுவிட்டோம். பொய் சொல்லாதே என்பதற்கு 'புலி வருது' கதையைத் தவிர வேறொன்று நினைவுக்கு வருவதில்லை. கனடாவில் காங் லீ, விக்டோரியா தல்வார் முதலானோர் 3 முதல் 7 வயதுவரை உள்ள 268 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, சத்தத்தை மட்டும் கேட்டு அது என்னவென்று பிள்ளை சொல்ல வேண்டும். நடுவில் பெரியவர், "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். வந்ததும் ஒரு கதை படித்துக் காட்டிவிட்டு, "பார்த்தாயா?" என்று கேட்பார். புலிக்குப் பதில் ஓநாய் வரும் இதே கதையைக் கேட்ட பிள்ளைகளும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையைக் கேட்டவர்களும், சம்பந்தமே இல்லாத முயல்-ஆமை கதையைக் கேட்டவர்களைவிட அதிகமாக உண்மை பேசவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒத்துக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகம் உண்மை பேசினார்கள். அதே கதையை, சிறுவன் பொய் சொல்லித் தண்டனை பெறுவதாக மாற்றியபோது அந்தப் பலனும் போய்விட்டது. பயம் பிள்ளையின் வாயை அடைக்கும். திறக்க வைக்காது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் பக்கத்திலேயே நல்ல கதைகள் இருக்கின்றன. கன்னட நாட்டில் பாட்டாக வழங்கும் புண்ணியகோடிப் பசுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் புலியிடம் சிக்கிய பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போகும். சொன்னபடியே திரும்பி வந்து நிற்கும். இதில் மிரட்டலும் இல்லை, பரிசு ஆசையும் இல்லை. கன்றை விட்டுப் பசு கிளம்பும் இடத்தில் அவசரப்படாமல் நின்று சொல்ல வேண்டும். பாட்டின் முடிவில் புலி உயிரை விட்டுவிடும். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் புலி பசுவைத் தொடவில்லை என்பதோடு நிறுத்தினால் போதும். அரிச்சந்திரன் நாடகத்தைச் சிறுவயதில் பார்த்துவிட்டு, தனக்குத்தானே எத்தனையோ தடவை அதை நடித்துப்பார்த்ததாகக் காந்தியடிகள் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவரை உட்கார வைத்து யாரும் நீதி கேட்டதாக அதில் இல்லை.

பஞ்சதந்திரத்தில் நீதி வரிகள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அங்கே அந்த வரி கதைக்கு முன்னால் வருகிறது. ஒரு பாத்திரம் ஒரு நீதியைச் சொல்லும்; எதிரில் இருப்பவர் "அது எப்படி?" என்று கேட்பார், அதற்குப் பதிலாகத்தான் கதை தொடங்கும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அது இளவரசர்களுக்கான ராஜநீதி. அதன் முதல் பகுதியான மித்திரபேதத்தில் சிங்கத்தையும் எருதையும் மூட்டிவிட்ட நரி தமனகன் கடைசிவரை தண்டிக்கப்படுவதில்லை. இது பொறுக்காமல்தானோ என்னவோ, 8ஆம் நூற்றாண்டில் அரபு மொழிக்குக் கொண்டுபோன இப்னு அல்முகஃபா நரிக்கு ஒரு விசாரணையும் தண்டனையும் சேர்த்துவிட்டார். பஞ்சதந்திரம் என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே ஒன்றாம் வகுப்புக்கு எடுத்துக் கொடுப்பது சரியில்லை.

வகுப்பில் நன்றாக வேலை செய்பவை வழக்குக் கதைகள். மரியாதை ராமன் கதையில் நான்கு பேர் ஒரு பாட்டியிடம் பணப்பானையை ஒப்படைத்து, நால்வரும் சேர்ந்து வந்து கேட்டால்தான் தர வேண்டும் என்கிறார்கள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து மோர் வாங்க, பாட்டியிடம் ஒரு பானை வாங்கிவரும்படி ஒருவனை அனுப்புகிறார்கள். அவன் பணப்பானையைக் கேட்கிறான். பாட்டி வாசலுக்கு வந்து, "இவன்கிட்ட குடுக்கட்டுமா?" என்று கூவுகிறாள். மூவரும் "குடு, குடு" என்கிறார்கள். அவன் பானையோடு கம்பி நீட்டிவிடுகிறான். மூவரும் பாட்டிமேல் வழக்குப் போடுகிறார்கள். இங்கே நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளை நாலைந்து பேராகப் பிரித்து, 5 நிமிடம் பேசவிட்டு, ஒவ்வொரு குழுவையும் தீர்ப்பும் காரணமும் சொல்ல வையுங்கள். பாட்டி பாதிப் பணம் கொடுக்கட்டும் என்று ஒரு குழு, 'குடு'ன்னு சொன்னது அவங்கதானே என்று இன்னொன்று, முதலில் ஓடினவனைப் பிடிக்கட்டும் என்று மற்றொன்று, பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஆசிரியர் "ஏன்?" என்று மட்டும் கேட்க வேண்டும், சரி, தப்பு என்பது வாயில் மட்டுமல்ல, முகத்திலும் தெரியக் கூடாது. கடைசியாக ஒரு கேள்வி: "பாட்டி இடத்துல நீ இருந்தா என்ன செஞ்சிருப்பே?" அப்போது ஒரு பிள்ளை "எந்தப் பானைன்னு கேட்டிருப்பேன்" என்று சொல்லும். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருளை எப்படிக் காப்பது என்பதை அந்தப் பிள்ளை தானே எட்டிவிட்டது. நால்வரும் சேர்ந்து வந்தால் பாட்டி பணம் தருவாள் என்ற ராமனின் தீர்ப்பை மறுநாள்தான் சொல்ல வேண்டும். மணி அடிக்கப் போகிறதே என்று அன்றைக்கே அவசரமாகச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் தங்கள் தீர்ப்பை உடனே கைவிட்டுவிடுவார்கள்.

சொல்லும் முறையைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். கதையை வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வேண்டாம்; ஆறேழு நிகழ்ச்சிகளாகப் பிரித்து மனதில் வைத்துக்கொண்டு, முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் மாறாமல் வைத்துக்கொண்டால் போதும். புத்தகம் கையில் இருந்தால் கண் புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகளின் முகம் தெரியாது. 5 வயதுவரை 5 நிமிடம், 8 வயதுக்குப் பத்து நிமிடம். வட்டமாக 25 பேர்வரை உட்காரலாம். அதற்கு மேல் போனால் பின்வரிசை தனியாகப் பேசத் தொடங்கும். முதலிலேயே 'உம்' கொட்டப் பழக்குங்கள். நம் பாட்டிமார் "உம் கொட்டு, இல்லாட்டி கதை நின்னுடும்" என்றது வெறும் சடங்கு இல்லை. உம் தேய்ந்தால் கதை அளவுக்கு மேல் நீள்கிறது என்று பொருள். உம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது அல்லது பயந்துவிட்டது. கைப்பேசிக் காணொளிக்கு இந்த உம் கேட்காது. ஒரே கதையை ஒரு வாரத்தில் மூன்று முறை சொல்லலாம்: முதல் முறை எதுவும் கேட்காமல், இரண்டாம் முறை முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்தி, மூன்றாம் முறை பிள்ளைகளையே நடிக்கவிட்டு.

பாலர் வகுப்புக்கு நீதியே இல்லாத கதைதான் நல்லது. தன் பெயரை மறந்துபோன ஈ, கொழுகொழு கன்றைக் கேட்கும். கன்றின் தாயை, தாயை மேய்க்கும் ஆயனை, ஆயன் கைக் கோலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் குதிரை கனைக்கும்போது தன் பெயரைக் கண்டுபிடிக்கும். ஆளுக்கு ஒரு கண்ணியாகக் கொடுங்கள். முதல் நாள் ஐந்து கண்ணிகள் போதும். முழுச் சங்கிலியையும் ஆசிரியரே சொன்னால் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். தன் முறை வரும்வரை காத்திருப்பதும், தெரியாததை வெட்கப்படாமல் கேட்பதும் இதில் தானாக வந்துவிடும். இதற்கு நீங்கள் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

கதையால் காயமும் படும். வகுப்பில் பென்சில் காணாமல்போன மறுநாள் திருட்டுக் கதை சொன்னால், எல்லாத் தலையும் ஒரு பிள்ளைப் பக்கம் திரும்பும். குறைந்தது ஒரு வாரம் போகட்டும். கெட்டவனுக்கு வகுப்பில் உள்ள யாருடைய பெயரும் வேண்டாம். கொடுமைக்காரச் சித்தி வரும் கதையைத் தொடும் முன், எந்தப் பிள்ளை சித்தியிடம் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நொண்டி, குருடு, கருப்பு, சாதிப்பெயர் ஆகியவற்றைக் கேலியாக வைத்து ஓடும் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா என்று பாருங்கள்; நிற்காவிட்டால் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, கட்டத்தை நீக்கினால் மிஞ்சும் இடத்தில் மூன்று குறிப்புகள் போடுங்கள்: எந்த வயதுக்கு, சொல்ல எத்தனை நிமிடம், எங்கே நிறுத்த வேண்டும். பாட்டி கதைக்கு என்றால் இப்படி: "8 வயது முதல். எட்டு நிமிடம். வழக்குப் போட்ட இடத்தில் நிறுத்துக; தீர்ப்பு அடுத்த இதழில்." தீர்ப்புக்காகப் பிள்ளைகள் ஓர் இதழ் காத்திருப்பார்கள், தங்கள் தீர்ப்பை உங்களுக்கு எழுதியும் அனுப்புவார்கள். வாசகர் அனுப்பும் கதைகளில், அது எந்த மாவட்டத்தில் வழங்குகிறது என்ற விவரத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒரே கதை தஞ்சாவூரில் ஒரு முடிவும் கோவில்பட்டியில் வேறு முடிவும் கொண்டிருந்தால் இரண்டையும் அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்