அமைச்சர் அவர்களே, அந்த வேலையை நிரந்தரமாக்குங்கள்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த வதிவிடப் பாடசாலைகளின் கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2008இல் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டது கனடா அரசுதான்.

நான் வடக்கு ஒன்ராறியோவில் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் தாதி. அந்தப் பாடசாலைகளிலிருந்து தப்பிப் பிழைத்த முதியவர்களுக்குத் துணையாக எங்களிடம் ஒரு பணியாளர் இருந்தார். அதே பூர்வகுடிச் சமூகத்துப் பெண். அவருடைய தாயையும் அப்படியொரு பாடசாலைக்குத்தான் கொண்டுபோனார்கள். மார்ச் 31இல் நிதியாண்டு முடிந்தது. ஒப்பந்தமும் முடிந்தது. நீடிக்கக் காசு இல்லையாம்.

ஏப்ரலில் ஒரு அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியவர். அவரை எப்படி இருத்துவது என்று அந்தப் பணியாளருக்குத் தெரியும். கதவைச் சாத்தக்கூடாது. கதிரை வாசலைப் பார்த்து இருக்கவேண்டும். முதலில் தேநீர், பிறகு மீன்பிடிக் கதை. பாடசாலைப் பேச்சை அம்மாவாக எடுத்தால்தான் உண்டு. இதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. தற்காலிகமாக வந்தவரும் நல்ல மனிதர்தான். வெளியே கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்தினார், படிவத்தை விரித்தார், "எந்தப் பாடசாலை? என்ன நடந்தது?" என்று கேட்டார். அம்மா கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். பிறகு வரவேயில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பணிக்கு ஆண்டுக்காண்டு பிச்சை போடாமல் நிரந்தர நிதி கொடுங்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. 1998இல் 35 கோடி டொலர் கொடுத்து, பூர்வகுடிகளே நடத்தும் குணமாக்கல் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது அரசு. 2010இல் புதிய நிதி இல்லை என்றது. 2014இல் அதை மூடவேண்டி வந்தது. அடுத்த ஆண்டே, அந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, தன் 94 பரிந்துரைகளில் 21ஆவதாக, குணமாக்கல் நிலையங்களுக்கு நிலையான நிதி வேண்டும் என்று எழுதியது.

94ஆவது பரிந்துரையை 2021இல் ஒழுங்காக நிறைவேற்றிவிட்டீர்கள். என்னைப்போல வந்து குடியேறியவர்கள் குடியுரிமை எடுக்கும்போது பூர்வகுடிகளின் உரிமைகளையும் சொல்லித்தான் உறுதிமொழி எடுக்கிறோம். எங்கள் வாயால் சொல்லவைக்கச் செலவில்லைதானே. அந்தப் பாடசாலைப் பிள்ளைகளை நினைத்து செப்டெம்பர் 30இல் செம்மஞ்சள் சட்டை போடவும் பெரிய செலவில்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. அடுத்த மார்ச் 31க்கு முன்னர் இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்கும்படி பணிவோடு கேட்கிறேன். எங்கள் பணியாளர் இப்போது பலசரக்குக் கடையொன்றில் காசாளராக நிற்கிறார். கூப்பிட்டால் வருவார்.

இப்படிக்கு,
வடக்கு ஒன்ராறியோவிலிருந்து ஒரு தாதி