மாமரம் பட்டுப்போகாது, பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கொல்லை மாமரத்தில் ஆர்க்கிட் பூச்செடியைக் கட்டினால் மரம் பட்டுப்போகும் என்று பெரியம்மா தடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். கடலூரிலும் புதுச்சேரியிலும் செடி வளர்க்கிற பல வீடுகளில் இதே பஞ்சாயத்துதான். அதனால் உங்களுக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பெரியம்மா மனதில் இருப்பது புல்லுருவி. அந்தப் பயம் நியாயமானதுதான். மாங்கிளையில் புல்லுருவி பிடித்தால் பட்டையைத் துளைத்து உள்ளே போய்ச் சாற்றை உறிஞ்சும்; கிளையோடு வெட்டி எறிய வேண்டியதுதான். ஆர்க்கிட் வேர் அப்படி இறங்காது. பட்டைக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீரை மழையிலும் பனியிலும் எடுத்துக்கொள்ளும்; சத்து, பட்டை இடுக்கில் மக்கிய இலை, தூசி, பறவை எச்சம் இவற்றிலிருந்து. மரம் கொடுப்பது இடம் மட்டும். நம் சோழமண்டலக் கரைக் காடுகளிலேயே வண்டா டெசெல்லாட்டா என்ற ஆர்க்கிட் இயல்பாக மரமேறி வளர்கிறது. மஞ்சள் கலந்த இதழில் பழுப்பு வலைக்கோடு, நடுவில் ஊதா நாக்கு, நல்ல வாசனை. அது உட்கார்ந்த மாமரங்கள் காய்க்காமல் போனதில்லை. ஒரு வார்த்தை: புதுப்பட்டு ஐயனார் கோயில் காடு மாதிரியான இடங்களில் இதைப் பார்த்தால், பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். கோயில்காட்டிலிருந்து பிடுங்கி வந்து வீட்டில் கட்டுவதை எந்தச் சாக்குச் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன். நர்சரியில் விற்கிற கலப்பினங்களே நமக்குப் போதும்.

உங்கள் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் தொட்டியில் அழுகியதற்கு வருவோம். வேரை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளியும் சாம்பலும் கலந்த நிறம். மேலே தண்ணீர் பட்டதும் சில நொடிகளில் பச்சையாக மாறும். வேரைச் சுற்றி இறந்த செல்களாலான பஞ்சு போன்ற உறை ஒன்று இருக்கிறது, வேலமன் என்பார்கள். அது தண்ணீரை உடனே இழுத்துக்கொள்ளும், நிறைந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கிற பச்சையைக் காட்டும். நனைந்து, பிறகு காய்ந்து, மறுபடி நனைய வேண்டிய வேர் அது. செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் அடைத்த தொட்டியில் காய நேரமே கிடைக்காது. அதுவும் நம் ஊர்க் காற்றே பாதித் தண்ணீர். ஐப்பசி அடைமழையில் கேட்கவே வேண்டாம்.

தொட்டியை விட்டு மரத்திலோ கட்டையிலோ கட்டினால் அழுகல் தீரும். ஆனால் சித்திரையில் காலை ஊற்றிய தண்ணீர் ஒன்பது மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். எனவே எந்த மரம், எந்தப் பட்டை என்று கேட்பதற்கு முன், தினமும் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று முடிவு பண்ணுங்கள். நீங்களும் பெரியம்மாவும் தம்பி வீட்டுக்குச் சென்னை கிளம்பினால் வாரக்கணக்கில் அங்கேதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு உயிருள்ள மரமே சரி. மாமர நிழலும், அடிமரத்தைச் சுற்றி இருக்கிற ஈரமும் செடியைப் பத்து நாள் தாங்கும். திண்ணையில் தொங்குகிற பலகை தாங்காது.

மாமரத்தில் தோள் உயரத்தில், கிழக்கே பார்த்த பக்கமாகக் கட்டுங்கள். காலை வெயில் விழ வேண்டும், மதிய வெயில் கூடாது. கொய்யா, தைலமரம் இரண்டும் வேண்டாம்; பட்டை உரிக்கிற மரங்கள், வேர் பிடித்த பட்டையோடு செடியும் கீழே வந்துவிடும். பூவரசு, புளி, வேம்பு நல்லது. மாம்பூவுக்குத் தாமிர மருந்து அடிக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்குச் செடியைப் பாலித்தீனால் மூடுங்கள். தாமிரம் ஆர்க்கிட்டுக்கு ஆகாது. இதனாலேயே செம்புக் கம்பியாலும் கட்டக் கூடாது.

பலகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பண்ருட்டிப் பக்கம் மரவாடியில் பட்டையோடு கூடிய பலா அல்லது முந்திரித் துண்டு கேளுங்கள். சவுக்குக் கட்டையும் சொரசொரப்பாக இருக்கும். பெயின்ட் பூசியது, கரையான் மருந்து குடித்தது, ஒட்டுப்பலகை எதுவும் தொட வேண்டாம். தேங்காய் மட்டை தண்ணீரை வெகுநேரம் பிடித்துக்கொள்ளும், அதனால் கோடையில் நல்லது, கார்த்திகையில் எமன். அதில் இருக்கிற உப்பும் கறையும் போக, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கரை ஒதுங்கும் கட்டை பார்க்க அழகாக இருக்கும். உப்பு அடிவரை ஏறியிருக்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இனி கட்டுகிற வேலை. புது வேர் முளைத்து விரல் நகம் அளவு நீண்டிருக்கும்போது கட்டினால்தான் பிடிக்கும். பழைய வேர் பெரும்பாலும் புதிதாக ஒட்டாது. அழுகிய வேர் விரலால் அழுத்தினால் தோல் தனியே வழுக்கிக்கொண்டு வரும், நடுவில் நரம்பு மட்டும் நிற்கும், அதை வெட்டிவிடுங்கள். தண்டுகளின் அடி, கட்டையில் அழுந்தி உட்கார வேண்டும். அதன்மேல் பழைய வேட்டிக் கிழிசலை ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றி, மேலே மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பால் இறுக்குங்கள். துறைமுகத்தில் வலைக்கடையில் கிடைக்கும். வெறும் தங்கூசி தண்டை அறுத்துவிடும். முளைக்கிற கண் மேலும் பச்சை வேர்நுனி மேலும் கட்டு விழக் கூடாது. கட்டி முடித்ததும் செடியை விரலால் தள்ளிப் பாருங்கள். இம்மியும் ஆடக் கூடாது. ஆடினால் வேர்நுனி பட்டையில் உரசி உரசிக் கருகும், ஒரு வருடம் ஆனாலும் பிடிக்காது. வேரடியில் பாசியைத் திணிக்கச் சொல்வார்கள். நம் கடற்கரையில் அது தேவையில்லை.

கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. வேரிலும் கட்டையிலும் வெள்ளைப் பொருக்குப் படிந்தால் அதுதான் காரணம். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, கொசு வராமல் துணி கட்டி வையுங்கள். வேர் முழுக்கப் பச்சையாகும்வரை காலையில் ஊற்றினால் போதும். உரக்கடையில் கிடைக்கிற 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. மழைக்காலத்தில் இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

புயலுக்குப் பலகைதான் வசதி, அதை ஒத்துக்கொள்கிறேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பலகை என்றால் கொக்கியிலிருந்து கழற்றி உள்ளே மாட்டிவிடலாம். அதனால் இரண்டு டென்ட்ரோபியத்தில் ஒன்றை மரத்திலும் ஒன்றைப் பலகையிலும் வையுங்கள். ஊருக்குப் போகும்போது பலகையை மாமர நிழலில் தொங்கவிட்டால் போதும்.

ஹாலில் இருக்கிற ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டைத் தொட வேண்டாம். அகல இலை, வெயில் தாங்காது. அது அடுப்புக்கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்ட தொட்டியிலேயே இருக்கட்டும்.

ஆடியில் கட்டினால் அடைமழைக்குள் வேர் பிடிக்க அவகாசம் இருக்கும். பெருக்குக்கு வரும்போது தங்கூசி நான் வாங்கி வருகிறேன். அதற்குள் கட்டையை ஊறப் போட்டு வையுங்கள். பெரியம்மாவிடம் மரத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்
முத்தியால்பேட்டை, புதுச்சேரி