ஜெனரேட்டர் அறைக் கதவில் முட்டுக்கொடுத்த செங்கல்

எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் பி பிளாக் தரைத்தளத்திலிருந்து வணக்கம்.

போன பொதுக்குழுவில், "ரூம் கட்டியாச்சு, தெர்மோகோல் ஒட்டியாச்சு, இன்னும் என்ன சத்தம்?" என்று கேட்டீர்கள். கூட்டம் கலைகிற நேரம், பதில் சொல்ல முடியவில்லை. ஜெனரேட்டர் சர்வீஸில் 26 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அவசரமான விஷயம் முதலில். வெள்ளிக்கிழமை கரண்ட் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சைலன்சருக்குப் போகும் புகைக்குழாயின் பின்னால் ஒட்டிய தெர்மோகோல் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள். உருகிச் சொட்டியது தரையில் மெழுகுபோல உறைந்து கிடந்தது. லோடு ஏறினால் அந்தக் குழாயில் போகும் புகையின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். நாலடி தள்ளி டீசல் டேங்க். தெர்மோகோல் சத்தத்தையும் நிறுத்தாது, அதில் கனமே கிடையாதே. மற்றதை நிதானமாகச் செய்யலாம். அதை மட்டும் இந்த வாரமே பிய்த்தெடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நல்ல சுவர், 45 டெசிபலுக்குக் குறையாமல் தடுக்கும். ஆனால் இன்ஜின் ஓடும்போதெல்லாம் கதவு திறந்தே இருக்கிறது, மூடிக்கொள்ளாமல் இருக்கச் செங்கல் வேறு முட்டுக்கொடுத்திருக்கிறது. நாலு சுவரும் சேர்ந்து சுமார் 440 சதுர அடி. கதவு 21 சதுர அடி, நூற்றுக்கு ஐந்துகூட வராது. அந்த ஐந்தே போதும்: கணக்குப் போட்டால் மொத்த அறையும் 13 டெசிபல் அளவுக்குத்தான் தடுக்கும். அதற்கு மேல் சுவரை இரண்டடி கனத்தில் கட்டினாலும் பயனில்லை.

கதவைத் திறந்து வைக்கிற வாட்ச்மேன் தம்பியைத் திட்டாதீர்கள். மூடினால் இருபது நிமிடத்தில் இன்ஜின் சூடேறி டிரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது. எரிகிற டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது, மீதியெல்லாம் சூடு. ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் அனல் காற்று வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றி வருகிறது, அதையே ஃபேன் திரும்ப இழுக்கிறது. அந்தத் தம்பி இன்ஜினைக் காப்பாற்றத்தான் செங்கல் வைத்தார். காற்றுக்கு வழி விடாமல் கட்டிய எந்த அறைக்கும் ஒரு நாள் கதவு திறக்கத்தான் வேண்டிவரும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ரேடியேட்டர் முகப்புக்கு நேரே சுவரை உடைத்துத் தகர டக்ட் (காற்று போகும் கூண்டு) வைத்து, ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கேன்வாஸ் துணியால் மூடிவிட்டால் அனல் நேராக வெளியே போய்விடும். எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வர இன்னொரு வழி, ரேடியேட்டர் முகப்பைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டு வழியும் நேராக இருக்கக் கூடாது, வளைந்து போக வேண்டும். உட்புறம் ராக்வூல் என்ற கல்பஞ்சு வைத்து, மேலே ஓட்டை போட்ட ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) அடிக்க வேண்டும். காற்று வளைந்து போய்விடும். சத்தம் பஞ்சில் மோதி மோதி அடங்கும். அப்புறம் கனமான இரும்புக் கதவு போட்டு, சுற்றிலும் ரப்பர் பீடிங் வைத்து மூடினால் மூடியே இருக்கும்.

எங்கள் வீட்டுக்குள் வரும் சத்தம் பாதிதான் காற்று வழி. மீதி தரை வழி. நாலு சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் விநாடிக்கு 50 வெடிப்பு. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் எங்கள் சமையலறை ஸ்டாண்டில் அடுக்கிய டம்ளர்கள் ஒன்றோடொன்று முனகும். சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். பேஸ் ஃபிரேமை நேராகக் கான்கிரீட்டில் போல்ட் போட்டிருக்கிறார்கள், நடுவில் அதிர்வு தாங்கும் பேடு இல்லை. புகைக்குழாயும் எங்கள் சுவரில் கிளாம்ப் அடித்திருக்கிறது, நடுவில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் நெளிகுழாய், அதாவது பெல்லோஸ், இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது. ஜெனரேட்டர் ஓடினால் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறார். போன மாதம் மகன் வந்து அரை மணி நேரம் காலிங்பெல் அடித்துக்கொண்டு நின்றார்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2005 ஜனவரி 1 முதல் தயாரான 1000 கேவிஏ (ஜெனரேட்டர் திறனின் அளவு) வரையிலான செட்டுகள் கேனப்பியோடு, அதாவது சத்தம் அடக்கும் கூண்டோடு வரும், ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம்முடையது 2003-இல் வாங்கிய பழைய 62.5 கேவிஏ. அதற்கு அறையும் குறைந்தது 25 டெசிபல் குறைக்க வேண்டும், சைலன்சரும் 25 குறைக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் வரம்பு 45 டெசிபல். புகைக்குழாய் கட்டடத்துக்கு மேலே ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போக வேண்டும். இப்போது முதல் மாடி சன்ஷேடோடு நிற்கிறது.

ஜெனரேட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, நமக்குத் தண்ணீர் ஏற்றியது இந்த மெஷின்தான். அப்போது அது திறந்த ஷெட்டில் நின்றது. இன்னொரு புயல் வந்து இந்த அறைக்குள் மணிக்கணக்கில் ஓட வேண்டியிருந்தால் தாங்காது.

டக்ட், பேடு, கதவு மூன்றுக்கும் அளவெடுத்து வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், வேலை நடக்கும்போது கூலி வாங்காமல் கூடவே நிற்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கமிட்டியிலிருந்து ஒருவராவது கீழே வாருங்கள். தெர்மோகோல் உருகிய இடத்தை முதலில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக் தரைத்தளவாசி